அக்கா கொடுத்த பகல்

1988-இல் எனக்கு மூத்தவள் பிறந்தபோது மத்திய அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 90 நாள். பிரசவத்துக்கு மாயவரம் போனதில் முதல் மாதம் அப்படியே கழிந்துவிட்டது. மிச்சத்தோடு சேமிப்பில் இருந்த ஈட்டிய விடுப்பையும் ஒட்டவைத்து, கழுத்து நிற்கத் தொடங்கியிருந்த குழந்தையுடன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். அம்மா கூடவே வந்தாள். லோதி காலனிக் குவார்ட்டர்ஸில் அவள் இருந்தவரை எனக்கு ஒரு கவலையும் இல்லை. மார்கழி பிறந்து பனிமூட்டம் இறங்கியதும் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஊரில் அப்பாவும் தனியாக இருந்தார். பொங்கலுக்கு முன் அவளை ரயிலேற்றிவிட்டு வந்த இரவு, நானும் என் கணவரும் குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசினோம். அவருக்கு வங்கியில் தணிக்கைப் பிரிவு. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மாமியார் காலமாகியிருந்தார். ஒன்று, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும்.

எங்கள் வீட்டில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் பெண் நான். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் பரீட்சை எழுதி, உதவியாளராகத் தேர்வாகி, தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தில்லிக்கு வந்தவள். வேலையை விடுவது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அலுவலகத்தில் மட்டும் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்: “குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” அவருடைய வங்கியில் ஒருவர்கூட அவரிடம் அதைக் கேட்டதில்லை.

என் அலுவலகம் ரைசினா குன்றுக்குக் கீழே, ‘பவன்’ என்று முடியும் பெயருள்ள கட்டடங்களில் ஒன்றில். 1985-இல் மத்திய அரசில் வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்று ஆனபோது சனிக்கிழமை விடுமுறை கிடைத்ததென்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அதற்கு ஈடாகத் தினசரி வேலைநேரம் நீண்டது: காலை 9 மணியிலிருந்து மாலை 5.30 வரை. குழந்தை இருக்கிறவளுக்கு சனிக்கிழமை பெரிய வரம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் குளிர்காலத்தில் தில்லியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். நாங்கள் மாதச் சந்தா கட்டிப் போய்வந்த சார்ட்டர்டு பஸ் நமக்காக ஐந்து நிமிடம்கூட நிற்காது. அதை விட்டால் டி.டி.சி. பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வர வேண்டும். தில்லி பஸ்ஸில் மாலை நேரத்தில் நின்றுகொண்டு வந்த பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் என்றால் பஸ்ஸை மறந்துவிடலாம். வெளியில் இருப்பவர்களுக்குக் கேள்வி நேரம் என்பது காலை 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடிகிற ஒரு மணி நேரம். எங்களுக்கு அது பல நாள் வேலை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி வந்துவிட்டால் பிரிவே எழுந்து நிற்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் அந்தப் பட்டியலில் வரும்; அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும்; உறுப்பினர்கள் அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். என்ன கேட்பார்கள் என்று நாங்களே ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் சேர்த்து, தனிக் குறிப்பு தயாரித்துக் கொடுக்க வேண்டும். மாநிலங்களிலிருந்து புள்ளிவிவரம் வரவேண்டும். வராவிட்டால் டிரங்க் கால். பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் போகவேண்டும் என்பதால் மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து தாள் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வந்ததும் ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுத்து, ஃபைலில் கொடி ஒட்டி மேலே அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் எழுதிய ஒரு வரியை மறுநாள் அமைச்சர் அவையில் படிக்கிறார் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அதைக் குழந்தைக்காக விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, அதற்காகக் குழந்தையை விடவும் மனமில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நான் அக்கா என்று கூப்பிட்ட பெண்ணை எதிர் பிளாக் மாமிதான் அழைத்துவந்தாள். அக்காவுக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும்; என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம். மழை பொய்த்து, பிழைக்க வழியில்லாமல் 1982 ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலைக்குக் கணவனோடு ரயிலேறி வந்தவள். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டு அரங்கம் எழுந்தபோது அவர்கள் இருவரும் அங்கே மண் சுமந்தார்கள். அரங்கம் முடிந்ததும் ஆட்கள் கலைந்தார்கள். இவர்கள் ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப்பில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். கணவன் கொத்தனாருக்குக் கையாள். அக்கா கோட்டிகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பங்களா வீட்டுக்குத் தில்லி வேலைக்காரர்களின் பெயர் ‘கோட்டி’. அந்தக் கேம்ப்பில் ஏறக்குறைய எல்லாருமே தமிழர்கள். நிஜாமுதீன், ஜங்புரா, லோதி சாலை வட்டாரத்துச் சமையலறைகள் பலவற்றில் காலையில் கேட்ட முதல் குரல் தென்னாற்காட்டுத் தமிழ்க்குரலாக இருந்ததற்கு அந்தக் கேம்ப்தான் காரணம்.

அவள் நாள் எப்படி நகர்ந்தது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். விடியுமுன் எழுந்து குழாயடியில் வரிசை. சோறு வடித்துவைத்துவிட்டு இரண்டு கோட்டிகளில் பாத்திரம், துடைப்பம். எட்டேகாலுக்கு என் வீடு. நான் திரும்புகிறவரை குழந்தையோடு இருப்பாள். அதன்பிறகு ராத்திரிப் பாத்திரத்துக்கு மறுபடி ஒரு கோட்டி. அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன்.

“உங்க பையனை யாருக்கா பார்த்துக்கறா?” என்று கேட்டேன்.

“பெரியவதான் இருக்காளேம்மா.”

பெரியவள் மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தாள். நான் பைல்களைக் கட்டிக்கொண்டு ஒன்பதுக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் அக்கா நின்றாள். அக்காவுக்குப் பின்னால் ஒன்பது வயதுச் சிறுமி நின்றாள். அந்தச் சிறுமிக்குப் பின்னால் யாரும் இல்லை. வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பின்னாளில் அலுவலகத்துப் பெண்கள் தினத்தன்று மேடையேற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். திட்டமிடல், நேர நிர்வாகம் என்றெல்லாம் எதிர்பார்ப்பார்கள். நான் இந்த வரிசையைத்தான் சொல்வேன். கைதட்டல் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

தில்லியில் வேறு வழியே யோசிக்கப்படாமல் இல்லை. 1969-இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டடம் எழுந்தபோது, சித்தாள்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். ‘மொபைல் கிரெஷஸ்’ அப்படித்தான் பிறந்தது. தாய் வேலை செய்கிற இடத்துக்கே காப்பகம் போகவேண்டும் என்ற அந்த யோசனையின் எளிமை இன்றும் என்னை வியக்கவைக்கிறது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் கிருஹ கல்யாண் கேந்திரா நடத்திய காப்பகங்களும் இருந்தன. அவை எங்களுக்கு, அக்காவின் பையனுக்கு இல்லை.

1991-இல் இரண்டாவது பெண். மறுபடியும் அதே 90 நாள். இந்த முறை அம்மா வரவில்லை, அக்காதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், வசம்பு சுட்டுக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு அவளே உண்டானாள். எட்டாம் மாதம்வரை வந்தாள். குனிந்து துடைக்க வேண்டாம், குழந்தைகளோடு இரு, போதும் என்றேன். பிரசவத்துக்கு அவள் நின்றபோது சம்பளத்தை நிறுத்தாமல் கேம்ப்பில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த நாள்களை எப்படி ஓட்டினேன் என்பது நீண்ட கதை: எதிர் பிளாக் மாமி, கேந்திராக் காப்பகம், இருந்த தற்செயல் விடுப்பு எல்லாம். மற்றக் கோட்டிக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்தபோது என் வீட்டைத் தவிர எல்லா வேலையும் போயிருந்தது. எனக்கு என் நாற்காலி அதே மேஜைக்குப் பின்னால் காத்திருந்தது. பேறுகால விடுப்பில் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. போன இடத்திலிருந்து திரும்பி வந்தால் நம் இடம் நமக்கே இருக்கும் என்ற உறுதி.

என் பெண்கள் இருவரும் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். அரசாங்கம் சிம்லாவுக்கும் தில்லிக்கும் மாறி மாறிப் போய்வந்த காலத்தில் இங்கே வந்த தமிழ்க் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காக 1920களில் தொடங்கிய கழகம் அது. இப்போது தில்லியில் ஏழு பள்ளிகள் நடத்துகிறது. செயலாளர் வீட்டுப் பிள்ளையும் கேம்ப்புப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படிக்க முடிந்த இடம். அக்காவின் பையனையும் அங்கே சேர்த்தோம். சீருடை, புத்தகம் எங்கள் பொறுப்பு. கடைக்குட்டியும் போனாள். பெரியவளை மறுபடி சேர்க்க முயன்றபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஆண்டே அம்மாவோடு கோட்டி வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

1997-இல் ஐந்தாவது ஊதியக் குழுவையொட்டிப் பேறுகால விடுப்பு 135 நாளானது. தகப்பனுக்கும் 15 நாள் என்று முதன்முறையாக வந்தது. நான் அப்போது நிர்வாகப் பிரிவில் இருந்ததால் அந்தச் சுற்றறிக்கை என் மேஜைக்குத்தான் முதலில் வந்தது. எனக்கு இனிப் பயனில்லை என்றாலும் அன்று ஒரு நிறைவு இருந்தது. பக்கத்துப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம். நானே எடுத்துக்கொண்டு போய் அவளிடம் படித்துக் காட்டினேன்.

2000-ஆம் ஆண்டு மார்ச் 8-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை போட்ட பெண்கள் தொடுத்த வழக்கு. மஸ்டர் ரோலில் பெயர் இருந்தாலே போதும், நிரந்தரப் பணி இல்லையென்றாலும் அவர்களுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்றார்கள் நீதிபதிகள். அக்காவின் நாத்தனார் சாலை வேலை பார்த்தவள். பேப்பரை வைத்துக்கொண்டு அக்காவுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கோட்டி வேலைக்கும் உண்டாம்மா?” என்றாள்.

இல்லை. ஏன் இல்லை என்பதை அன்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சலுகைச் சட்டம் வேலையிடத்தைத்தான் முதலில் பார்த்தது. தொழிற்சாலையா, தோட்டமா, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடையா, நிறுவனமா என்று. அக்காவுக்கு வேலையிடம் நான்கு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தொழிலாளி. எந்தக் கணக்கிலும் அவள் வரவில்லை. 2017-இல் அதே சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரமாக்கினார்கள். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றார்கள். மிக நல்ல திருத்தம். எண்ணிக்கை ஒன்றாக இருக்கிற இடத்தை அது எட்டவே இல்லை.

2008 செப்டம்பர் 1 முதல் ஆறாவது ஊதியக் குழுவின் பயனாக எங்களுக்குப் பேறுகால விடுப்பு 180 நாளாயிற்று. அதோடு குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று புதிதாக ஒன்று வந்தது: சம்பளத்தோடு மொத்தம் 730 நாள், இரண்டு குழந்தைகள்வரை, பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுத்துக்கொள்ளலாம். நோய்க்கும் பரீட்சைக்கும்கூட எடுக்கலாம் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. என் இளையவளுக்கு அப்போது பதினேழு. 2009 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. இருபது வருடத்தில் முதன்முறையாக ஒரு விதி எனக்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது. நவம்பரில் விளக்க ஆணை வந்தது. கணக்கில் ஈட்டிய விடுப்பு இருக்கிறவர்களுக்கு இந்த விடுப்பு கிடையாது. ஓய்வுபெறும்போது 300 நாள்வரை ஈட்டிய விடுப்பைக் காசாக்கலாம் என்பதால் நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்தவர்கள். அதிலிருந்து கழித்துக்கொண்டுதான் மகளோடு உட்கார்ந்தேன். அந்த நிபந்தனையை 2010 செப்டம்பரில் நீக்கினார்கள். அதற்குள் அவளுக்கு வயது கடந்துவிட்டது.

எனக்குக் கிடைக்காத அந்த விடுப்பைப் பிறருக்குக் கொடுக்கிற இடத்தில், பிரிவு அலுவலராக நான் இருந்தேன். விண்ணப்பம் வரும்போதெல்லாம் மேலிருந்து முணுமுணுப்பு வரும்: பிரிவே காலியாகிவிடும், வேலை யார் பார்ப்பது, இதை உரிமையாகக் கேட்க முடியாது என்று ஆணையிலேயே இருக்கிறதே. ஆமாம், இருக்கிறது. நான் நோட்டிங்கில் ஒரு கணக்கை எழுதுவேன்: 730 நாளைப் பிள்ளை வளர்கிற 18 வருடத்துக்குப் பரப்பினால் வருடத்துக்கு 40 நாள்; இரண்டு பிள்ளை என்றால் ஒரு பிள்ளைக்கு 20. இதற்கா பிரிவு காலியாகிறது? 2014-இல் அந்தமான் பெண் ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 730 நாளையும் தொடர்ந்தே எடுக்கலாம் என்று சொன்னபிறகு என் நோட்டிங்குகளுக்குப் பலம் கூடியது. 2018-இல் மனைவியில்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன்மாருக்கும் இதை விரித்தார்கள். எல்லாத் தகப்பன்மாருக்கும் வரவேண்டும் என்பது என் கட்சி. அவனும் எடுத்தால்தான் அவள் எடுப்பது குற்றமாகத் தெரியாது.

அக்கா இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தன் ஊரில் இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது. நான் பணி ஓய்வு பெற்று மயூர் விகாரில் இருக்கிறேன். அவளுடைய பெரியவள், அந்த ஒன்பது வயதுச் சிறுமி, இன்று நாற்பதைக் கடந்தவள், மதராசி கேம்ப்பிலிருந்து ஜங்புராவில் மூன்று வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடந்தால் பத்து நிமிடம். மகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துப் பிளஸ் டூ வரை கொண்டுவந்துவிட்டாள். அம்மாவுக்கு முடியாதது தனக்கு முடிந்ததற்கு அந்தப் பத்து நிமிடம்தான் காரணம் என்பாள். மதியம் வீட்டுக்கு ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஓடலாம்.

2025 ஜூன் 1-ஆம் தேதி கேம்ப் இடிக்கப்பட்டது. கால்வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் மே மாதம் பிறப்பித்த உத்தரவின்படி. ஏறத்தாழ 370 குடும்பங்கள். தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில் அடுக்குமாடி வீடு. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. தண்ணீர் வடிய வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் நரேலாவுக்கும் ஜங்புராவுக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நிஜாமுதீனில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு நரேலாவில் வீடு கொடுப்பது, கூரையைக் கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பிடுங்கிக்கொள்வது. தமிழ்ப் பள்ளிகள் ஏழும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன; நரேலாவில் ஒன்றுகூட இல்லை.

பெரியவளுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. இருட்டோடு கிளம்புகிறாள். 2019 முதல் தில்லி அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு போகவில்லை, நேரம் போகிறது. மாறி மாறி ஏறி ஜங்புரா வந்து சேர்வதற்குள் ஒரு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். மதியம் வீட்டுக்கு ஓட முடியாது. அம்மாவுக்கு நடந்ததே தனக்கும் நடந்ததை அவள் எந்தப் புலம்பலும் இல்லாமல் போனில் சொன்னாள்.

வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் சாத்தியமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. 2011-இல் ஜெனிவாவில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கை வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஏற்புறுதி இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியமாவது உண்டு. வாழ்நாள் முழுக்கக் குறிப்பு எழுதிப் பழகிய கை எனக்கு. இந்தத் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் நண்பர்கள் கேட்டபோது, குழுவுக்கு அனுப்ப ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. வேலை வாங்கும் ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் ஒரு நிதியில் சிறு தொகை கட்ட வேண்டும். பேறுகாலத்தில் அந்த நிதியிலிருந்து சம்பளம். குடியிருப்புக்குப் பக்கத்திலேயே காப்பகம். பிரசவத்துக்குப் போனவளின் வேலை அவளுக்கே திரும்ப வேண்டும் என்ற பிரிவை மட்டும் இரண்டு முறை திருத்தி எழுதினேன்.

பெரியவளுக்குப் போனில் முழுதும் படித்துக் காட்டினேன். பஸ்ஸில் இருந்தாள், இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள்.

“எல்லாம் சரிதான் ஆன்ட்டி. ஆனா இப்ப பஸ்ஸுல நிக்கறேன் பாருங்க, இந்த நேரத்தயும் எழுதுங்க. கொண்டுபோய் விட்ட எடத்துலேர்ந்து வேலைக்கு வர்ற நேரமும் வேலைதான்.”

ஆறாவது பத்தியாக அதைச் சேர்த்தேன்.